இங்கே புதையல் இல்லை

ஓசூர் சரிபார்க்கிறவர்களின் ஊர். பல்சக்கரத்தில் பல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவர், அவர் பார்த்தது சரிதானா என்று பார்க்க இன்னொருவர், இரண்டு பேரும் பார்த்தார்கள் என்று கையெழுத்துப் போட மூன்றாமவர். நானும் சிப்காட்டில் இருபத்தாறு வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்து ரிட்டையர் ஆனவன்தான். ஆகவே பண்பாட்டைச் சரிபார்க்க ஒரு கம்பெனி வந்து பாகலூர் சாலையில் ஏசி போட்டு உட்கார்ந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கீழே டைல்ஸ் கடை, நடுவில் பல் டாக்டர், மூன்றாவது மாடியில் பண்பாடு. லிஃப்ட் பல் டாக்டர் வரைக்கும்தான் போகும்.

'பண்பாட்டுத் துல்லிய மையம்' என்று வாசலில் பலகை இருந்தது. வருஷத்தில் ஏழு மாதம் பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியின் கிளை அது. அந்தக் கம்பெனி 'ரெய்டர்ஸ் ஆஃப் பாராமகால்' என்று ஒரு கேமை உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்தது. பாராமகால் என்றால் நம் கிருஷ்ணகிரிச் சீமைதான், வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். திப்பு காலத்துச் சண்டையில் குதிரை மேல் ஒரு வீரன் ஊர் ஊராகப் போகிறான். அதுதான் கதை.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். தளி மலையில் பனி கொட்டுகிறது. தளி குளிர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே முட்டைக்கோஸ் போடுகிறவர்கள் காலில் சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ரயில் என்ற ஒன்று உலகத்திலேயே ஓடாத காலத்தில் சாமல்பட்டியில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, பெஞ்சோடு. பேரிகைச் சந்தையில் ஒட்டகம் விற்கிறார்கள். ஒட்டகத்துக்கு இந்தியில் பேரம் நடக்கிறது. எங்கள் பேரிகைச் சந்தையில் கன்னடத்தில் விலை கேட்டு, தெலுங்கில் குறைத்து, தமிழில் சண்டை போட்டு வாங்குவார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் தங்கை மேகலாவின் வீட்டுக்காரர் முனிவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குலசாமி அந்தக் கேமுக்குள் இருந்தது.

முனிவேலுவுக்குப் பேரிகைக்கு மேற்கே மூன்று ஏக்கர். தக்காளியும் சாமந்தியும் போடுகிறார். நிலத்தின் மூலையில் புங்க மரத்தடியில் இடுப்புயரத்துக்கு ஒரு நடுகல் நிற்கிறது. கையில் வில்லோடு ஒருவன், அவன் காலடியில் ஒரு மாடு. களவு போன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன். வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் இப்படிப்பட்ட கல் ஏராளம். ஆனால் முனிவேலுவின் வீட்டாருக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்குப் பேர் வைக்கிற நாளில் தகப்பன் அந்தக் கல்லடியில் கையாலேயே மண்ணைப் பறித்து, மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து புதைக்க வேண்டும். இரும்பு படக்கூடாது. வெளியாளிடம் சொல்லக்கூடாது. யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

பெண் கொடுத்த எனக்கே இது பல வருஷம் தெரியாது. அவர்களுடைய தலைச்சன் பிள்ளை போன பிறகுதான் மேகலா சொன்னாள். பதினோராம் நாள் மணிவேல் என்று பேர் வைத்தார்கள். தன் புடவைக் கரையிலிருந்து ஒரு சிவப்பு இழையை உருவி மேகலாதான் அந்த முடிச்சைக் கட்டிக் கொடுத்தாள். பத்தொன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது. கொஞ்சம் தேறட்டும் என்று போட்டோகூட எடுக்காமல் விட்டிருந்தார்கள். போட்டிருந்த சட்டையையும் அதோடு அனுப்பிவிட்டார்கள். மணிவேல் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சம் அந்த முடிச்சு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது மேகலா கல்லுக்கு இடது பக்கத்து மண்ணில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். மூன்று வருஷம் கழித்து ஹரிணி பிறந்தாள். அவள் முடிச்சு அண்ணன் முடிச்சுக்குப் பக்கத்தில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு பேர் கேமராவோடு வந்து அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி அறுநூறு போட்டோ எடுத்தார்கள். போகும்போது, கல்லுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். முனிவேல் ஒன்றுமில்லை என்றார். ஒரு கண்ணாடிப் பலகையில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு டீ ஷர்ட் கொடுத்தார்கள்.

கேமில் அந்தக் கல் கிட்டத்தட்ட அப்படியே வந்திருந்தது. வீரன் குதிரையை விட்டு இறங்கி, கடப்பாரையால் அதை மூன்று போடு போடுகிறான். கல் சாய்கிறது. அடியில் ஒரு பெட்டி நிறையத் தங்கம்.

நான் சரிபார்ப்பில் ஊறினவன். தப்பு என்றால் எழுதிக் கொடுத்தால் திருத்துவார்கள் என்று நம்புகிற ஜாதி. மாப்பிள்ளையை நான்தான் அந்த மூன்றாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

புகார்ப் பிரிவில் சத்யப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். அருப்புக்கோட்டைக்காரி, நல்ல பெண். ஏழு பக்கப் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டாள். உணவு, உடை, விலங்கு, மொழி, தெய்வம், வரலாற்று மனிதர் என்று ஆறு கட்டம். கல்லில் இருப்பது தெய்வமா மனிதரா?

"மனுசனாத்தாங்க இருந்தாரு. மாட்ட மீக்கப் போயி செத்தாரு. அப்பறம் சாமி ஆயிட்டாரு," என்றார் முனிவேல்.

"ரெண்டுல ஒண்ணத்தாண்ணே அடிக்க முடியும். ரெண்டையும் அடிச்சா சிஸ்டம் வாங்க மாட்டேங்குது."

தெய்வம் என்றால் பதிவு பெற்ற கோயில் டிரஸ்டின் லெட்டர்ஹெட் வேண்டும். புங்க மரத்தடிக்கு லெட்டர்ஹெட் கிடையாது. மனிதர் என்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வி.ஏ.ஓ. ராமப்பனிடம் போனோம். அவர் தங்கமான மனிதர். செத்த தேதி தெரியாமல், அதுவும் நானூறோ ஐநூறோ வருஷத்துக்கு முந்தி செத்தவருக்கு, தான் என்னவென்று எழுதுவது என்று நிஜமாகவே வருத்தப்பட்டு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் சத்யப்ரியாதான் வழி கண்டுபிடித்தாள். கல்லில் ஒரு மாடு இருக்கிறது அல்லவா? விலங்கு என்று டிக் அடித்தாள். சிஸ்டம் வாங்கிக்கொண்டது. பிழை எண் 4417.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. புகார் தீவிரமாகப் பரிசீலிக்கப்பட்டதாகவும், கல்லில் உள்ள மாட்டின் கொம்பு வெளிநாட்டு இனத்தைப் போல இருந்ததை ஒப்புக்கொண்டு, அதை உள்ளூர் இனத்துக் கொம்பாகத் திருத்திவிட்டதாகவும், இதனால் ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார்கள். முனிவேல் என்னிடம் அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கொம்பைப் பற்றி நாம் எப்போது பேசினோம் என்று கேட்டார்.

அடுத்த தடவை மையத்தின் தலைவர் குருமூர்த்தியே எங்களைப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு அந்த மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வருகிறவர். எங்கள் இரண்டு பேரையும் சார் என்றுதான் கூப்பிட்டார். தண்ணீர், பிஸ்கட், பிறகு ஒரு மௌனம். வருகிறவர்களின் பண்பாட்டுக்காக அரை நிமிஷம் மௌனமாக இருப்பது அங்கே விதிமுறையாம். நாங்களும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தோம்.

முனிவேல் அவரிடம் நேராகவே கேட்டார். ஒட்டகம் இருக்கட்டும், பனி இருக்கட்டும். அந்தக் கல்லை உடைக்காமல், அதற்கு அடியில் புதையல் என்று காட்டாமல் விட முடியுமா?

குருமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முனிவேல் சார், ரெஸ்பெக்ட்டுக்குன்னே எங்ககிட்ட தனி பட்ஜெட் இருக்கு. அதனால ஓப்பனா சொல்றேன். புதையல் இல்லன்னா பிளேயர் அந்தக் கல்லுகிட்ட வரவே மாட்டான். வரலன்னா உங்க கல்ச்சர அவன் எப்படிப் பாப்பான்? நாங்க அளந்து பாத்திருக்கோம் சார். உடைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனும் சராசரியா ஒன்பது செகண்டு அந்தக் கல்லப் பாக்கறான். மியூசியத்துல யாரு சார் ஒன்பது செகண்டு பாக்கறாங்க?"

"பாத்துப்புட்டு ஒடைக்கறாங்களேங்க."

"பாத்ததுக்கு அப்புறம்தானே சார்," என்றார் குருமூர்த்தி. அந்த பதிலில் அவருக்கு உண்மையான திருப்தி இருந்தது.

அதற்கு மேல் ஒரு படி இருந்தது. பனி நாட்டில் இருந்த பெரிய அதிகாரியோடு திரையில் பேசுவது. சுவர் அளவு திரையில் வெளுத்த தாடியோடு ஒருவர் தோன்றி முதலில் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. முனிவேலுவின் வலியைத் தான் கேட்பதாகச் சொன்னார். முனிவேல் இன்னும் எதுவும் பேசியிருக்கவில்லை. சத்யப்ரியா மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். எல்லாம் முடிந்து அந்த மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதுதான் நிஜமான கேள்வி. தங்கள் ஆவணத்தில் கல்லடியில் ஒன்றுமில்லை என்று குடும்பத்தார் சொன்னதாக இருக்கிறது, அது சரிதானா? அங்கே புனிதமானது ஏதாவது இருந்தால் அவர்கள் நாட்டுச் சட்டப்படி தொடவே மாட்டார்களாம்.

முனிவேல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. மணிவேலுவுக்கு இனி ஆக ஒன்றுமில்லை. ஆனால் ஹரிணியுடையதும் அங்கேதான் இருக்கிறது. அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. சொல்லுங்கள் மாப்பிள்ளை என்று நான் அன்றைக்கு முழங்கையால் ஓர் இடி இடித்திருக்க வேண்டும். நான் இடிக்கவில்லை. இன்றுவரைக்கும் அது என்னை உறுத்துகிறது.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் முனிவேல்.

தாடிக்காரர் முகம் மலர்ந்தது. அப்படியானால் யாருக்கும் பாதகமில்லை என்றார்.

ஆனாலும் அவர்கள் எங்களைச் சும்மா அனுப்பவில்லை. திருத்தங்கள் வரிசையாக வந்தன. வேடியப்பனின் கொண்டை வலது பக்கம் மாற்றப்பட்டது. மரத்தில் இருந்த அரச இலைகள் எடுக்கப்பட்டுப் புங்க இலைகள் வந்தன. வரப்பு, கிணறு, மோட்டார் ரூம் போகிற தடம் வரைக்கும் அளந்து வைத்தார்கள். வீரன் கையில் இருந்த வெளிநாட்டுக் கடப்பாரை நீக்கப்பட்டு, சூளகிரிப் பட்டறையில் அடித்த கடப்பாரை ஒன்று மாதிரியாகக் கொடுக்கப்பட்டது. மண்ணைக் குத்துகிற சத்தம்கூட எங்கள் செம்மண்ணிலேயே பதிவு செய்யப்பட்டதாம். இவ்வளவும் பிழை எண் 4417இன் பேரில் நடந்தது. இருபத்தாறு வருஷத்தில் என் கம்பெனியில்கூட ஒரு புகாரை இவ்வளவு மரியாதையாக நடத்தி நான் பார்த்ததில்லை.

அந்தத் துல்லியத்தின் பலன் சீக்கிரமே தெரிந்தது. கிணறும் தடமும் புங்க மரமும் அச்சாக இருந்ததால், நிஜ இடம் எது என்று யாரோ கண்டுபிடித்து நெட்டில் வழியைப் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்குகள் வர ஆரம்பித்தன. கர்நாடகா நம்பர், தமிழ்நாடு நம்பர் என்று பேதமில்லாமல் வந்தன. முதலில் கல்லோடு நின்று போட்டோ எடுத்தார்கள். மேகலாவிடம் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தாள். பிறகு ஒருவன், தக்காளிச் செடிக்குச் சேதம் வராமல் எந்தப் பக்கமாகத் தோண்டலாம் என்று மிகவும் பணிவாகக் கேட்டான். முனிவேல் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கல்லடியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மையத்தில் போய்ச் சொன்னோம். குருமூர்த்தி ஒரு பலகை வைக்கச் சொன்னார். தெளிவான தகவல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது அவர் அனுபவமாம். பேரிகையில் பெயர்ப்பலகை எழுதுகிற பாலாஜியிடம் சொல்லி, 'இங்கே புதையல் இல்லை' என்று தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் நாலிலும் எழுதிக் கல்லுக்குப் பக்கத்தில் நட்டோம். அடுத்த வாரம் இரண்டு மடங்கு பைக் வந்தது.

"இல்லாத எடத்துல எவனாச்சும் நாலு பாஷையில போர்டு வெப்பானா மச்சி?" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னதை நானே கேட்டேன். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை.

பங்குனியில் மையத்திலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. பண்பாட்டுப் பங்காளர் தினமாம். உலகத்திலேயே அதிகமான திருத்தங்களுக்குக் காரணமான தகவலாளர் என்று முனிவேலுவுக்குச் சால்வை போடப் போகிறார்கள். குடும்பத்தோடு வரவேண்டும். குடும்பம் இல்லாமல் எடுத்த போட்டோவைப் பனி நாட்டில் நம்ப மாட்டார்களாம். முனிவேலுவுக்குப் போக மனமில்லை. நான்தான், மேடையில் நாலு பேர் முன்னால் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று சொல்லிக் கிளப்பினேன். புதன்கிழமைதானே, பைக்குகள் வருவது ஞாயிறுதானே என்று மேகலாவும் ஹரிணிக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள்.

ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. குருமூர்த்தி முக்கால் மணி நேரம் பேசினார். தங்கள் கம்பெனி எந்த நாட்டையும் புண்படுத்தியதில்லை என்றும், புண்பட்டவர்கள் எல்லோருக்கும் எண் கொடுத்திருப்பதாகவும் சொன்னபோது பலத்த கைத்தட்டல். முனிவேலுவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் கல்லைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் சால்வை வந்து தோளில் விழுந்தது, நாதஸ்வரம் வாசித்துவிட்டார்கள். சாப்பாடு, குரூப் போட்டோ என்று மணி மூன்றாகிவிட்டது.

நாலரை மணிக்குப் பேரிகை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தோம். தூரத்திலிருந்தே பலகை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் தெரிய வேண்டியது தெரியவில்லை.

கல் இரண்டாக உடைந்து சாய்ந்திருந்தது. மாடு ஒரு துண்டில், வேடியப்பன் ஒரு துண்டில். இடுப்பளவு ஆழத்துக்குக் குழி. கடப்பாரையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மண்ணோடு மண்ணாக மஞ்சள் துணிகள் கிடந்தன. புதுசு, மங்கினது, நூலாகிப் போனது என்று எத்தனை தலைமுறையோ. அவிழ்த்துப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். ஓட்டைக் காலணாவும், ராஜா தலை போட்டதும், இருபது பைசாவும் வரப்பு வரைக்கும் இறைந்து கிடந்தன. முனிவேல் சால்வையைக்கூட எடுக்காமல் குழிக்குள் இறங்கிக் கையால் துழாவினார். ஹரிணியின் முடிச்சு அவிழாமல் கிடைத்தது. சிவப்பு இழை கட்டினது கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மேகலா அழவில்லை. வீடு கட்டினபோது மணல் சலித்த சல்லடையைப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். வண்டி நம்பர் கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. மையத்துக்கும் போனோம். குருமூர்த்தி மிகவும் வருந்தினார். ஆனால் இது கேமுக்கு வெளியே நடந்த சம்பவம், கேமுக்கு வெளியே இருக்கிற உலகம் மையத்தின் பொறுப்பில் வராது என்றார். புகாரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

சத்யப்ரியா எழுத உட்கார்ந்தாள். "என்னண்ணே போச்சு? தங்கம் கிங்கம் ஏதாச்சுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

முனிவேல் சொல்லிவிட்டார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? மஞ்சள் துணி, பேர் வைக்கிற நாள், இரும்பு படாமல் பறிப்பது, மேகலாவின் புடவையிலிருந்து உருவின சிவப்பு இழை, பத்தொன்பது நாள், எல்லாம் சொன்னார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே டைப் அடித்தாள். இருநூறு எழுத்துக்குக் குறைந்தால் அந்தக் கட்டம் மூடாது. இழையின் நிறத்தைக்கூட விடாமல் அடித்தாள்.

இருபது நாள் கழித்து குருமூர்த்தியே போன் செய்து வரச் சொன்னார். குரலில் உற்சாகமும் இருந்தது, கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

"நீங்க எங்கள மிஸ்லீட் பண்ணிட்டீங்க முனிவேல் சார்," என்று ஆரம்பித்தார் நாங்கள் உட்கார்ந்ததும். "ரெண்டு தடவ கேட்டோம். ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லன்னீங்க. எங்க கேம் அப்பவே சொல்லுச்சு, அங்க ஒரு பொக்கிஷம் இருக்குன்னு. இப்ப சொல்லுங்க, துல்லியமா இருந்தது யாரு?"

விதிப்படி முனிவேலுவை நம்பகம் குறைந்த தகவலாளர் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்ததாம். அதற்காகத் தான் வருத்தப்பட்டுச் சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை என்றும் சொன்னார். ஆனாலும் நல்ல செய்தி இருந்தது. முனிவேல் கேட்டதை எல்லாம் பனி நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. தங்கப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். கல்லை இனி எந்த வீரனும் உடைக்க மாட்டான். போன வாரம் ஆள் அனுப்பி அதைப் புதிதாகப் படம் எடுத்து, இப்போது இருக்கிறபடியே இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். சுவர்த் திரையைப் போட்டார்.

மாடு ஒரு துண்டில், வேடியப்பன் ஒரு துண்டில். குழி. பக்கத்தில் பாலாஜி எழுதிய பலகை, நாலு பாஷையிலும். கடப்பாரை இல்லை. வீரன் குதிரையிலிருந்து இறங்கி, மண்டி போட்டு, கையாலேயே மண்ணைப் பறிக்கிறான். உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் முடிச்சு வருகிறது. சிவப்பு இழையால் கட்டியது.

"இரும்பு படக்கூடாதுன்னு நீங்க சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டாங்க சார். கை வச்சுத்தான். உலகத்துல எந்தக் கேம்லயும் இந்த டீட்டெயில் கிடையாது. மொத்தம் நாப்பது முடிச்சு, எல்லாத்துலயும் அதே ரெட் த்ரெட். பிளேயர்ஸ் தேடித் தேடி சேக்கறாங்க." அவர் திரையின் ஓரத்தைக் காட்டினார். பிழை எண் 4417. நிலை: தீர்ந்தது. நிஜத்துக்கும் விளையாட்டுக்கும் வேறுபாடு இல்லை.

சத்யப்ரியா தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் அடித்த இருநூறு எழுத்து எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

முனிவேல் வீரனை நடத்துகிற அந்தக் கருவியைக் கொடுக்கச் சொன்னார். குருமூர்த்தி சந்தோஷமாகக் கொடுத்தார், எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினார். தக்காளிக் கறை போகாத கட்டைவிரலால் முனிவேல் அதை அழுத்தினார். வீரன் கல்லுக்கு இடது பக்கம் போய் மண்டி போட்டான். மண்ணைப் பறித்தான். முடிச்சு கைக்கு வந்தது. சலங்கை மாதிரி ஒரு சத்தம் கேட்டு, 'சேகரிக்கப்பட்டது. மதிப்பு: 1' என்று எழுத்து வந்தது. முனிவேல் ஒரு பொத்தானை அழுத்தினார். வீரன் குதித்தான். இன்னொன்றை அழுத்தினார். வீரன் கத்தியை உருவினான். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார்.

"இதத் திருப்பி வெக்கறது எந்தப் பொத்தான்மா?" என்று சத்யப்ரியாவிடம் கேட்டார்.

"அப்படி ஒண்ணு இல்லண்ணே. எடுக்க மட்டுந்தான்."

நல்ல யோசனை என்றார் குருமூர்த்தி. இதுவரை உலகத்தில் யாரும் கேட்டதில்லையாம். ஆனால் அது பிழைக்குள் வராது, புது வசதிக்குள் வரும், அதற்கு வேறு படிவம் இருக்கிறது என்று அலமாரியைத் திறந்தார். முனிவேல் கருவியை மேஜை மேல் சத்தம் வராமல் வைத்துவிட்டு எழுந்தார். படிவத்தை நான் வாங்கிக்கொண்டேன். பழக்கம்.

நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. மேகலா புங்க மரத்தடியில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தாள். குழியிலிருந்து வந்த மண் முழுவதையும் இரண்டு தடவை சலித்துவிட்டாள். இது மூன்றாவது தடவை. அவளுக்குப் பக்கத்தில் நைஸ் மண் ஒரு குவியலாக ஏறியிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

"சரி பண்ணிட்டாங்களாம்," என்றார் முனிவேல்.

அவள் சல்லடையை இரண்டு கையாலும் அவர் பக்கம் நீட்டினாள். அவர் குனிந்து மண்ணை அள்ளிப் போட்டார்.